ஈப்போவில் ஒரு சிஸ்டம் அட்மினுக்கு என்ன சம்பளம் நியாயம்?

"கடைசியா எவ்வளவு சம்பளம் வாங்கினீங்க?"

நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கேள்வியை நானும் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். ஈப்போவில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்தபோது, சர்வர்களைக் கவனிக்க ஆள் தேடினோம். 4,000 ரிங்கிட் வரை கொடுக்கலாம் என்று முதலாளி முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, ஆறு வருடம் வேலை பார்த்த இளைஞர் வந்தார். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். அந்தக் கடைசிக் கேள்விக்கு "2,600" என்றார். அவர் வெளியே போனதும் 2,900 என்று முடிவு செய்தோம். முந்நூறு கூடுதலாகக் கிடைக்கிறதே, சந்தோஷமாக வருவார் என்று பேசிக்கொண்டோம்.

வந்தார். பதினோரு மாதத்தில் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். எந்த சர்வரில் என்ன ஓடுகிறது, எந்த பேக்கப் எப்போது எடுக்கப்படுகிறது என்பதெல்லாம் அவரோடு போயிற்று. அடுத்த ஆள் வந்து நிலைமையைப் புரிந்துகொள்ளும் வரை வெளியார் நிறுவனத்துக்குக் கொடுத்த தொகையைக் கூட்டிப் பார்த்தேன். அவருக்கு 4,000 கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் கூடுதல் செலவைவிட அது அதிகம். பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. 2,600 என்பது எவரோ ஒருவர், என்றைக்கோ, அவருடைய அவசரத்தைப் பார்த்து வைத்த தொகை. அந்தப் பழைய குறையின் மேல்தான் நாங்கள் முந்நூறைத் தூக்கி வைத்தோம். அப்படியானால் சம்பளத்தை எதை வைத்துத்தான் முடிவு செய்வது?

முதலில் வேலை என்னவென்று தெரிய வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் சிஸ்டம் அட்மினுக்கு 2522 என்று தனி எண் உண்டு. அது நிபுணர் பிரிவு. பயனாளர்களுக்கு உதவும் கணினித் தொழில்நுட்பருக்கு 3512, நெட்வொர்க், சிஸ்டம் தொழில்நுட்பருக்கு 3513. இவை அதற்கு அடுத்த படி. ஈப்போவில் வரும் விளம்பரங்களில் இந்த மூன்றும் 'ஐ.டி. எக்சிகியூட்டிவ்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எடுக்க வேண்டும், சிசிடிவி மாட்ட வேண்டும், சர்வர் விழுந்தால் நள்ளிரவில் எழுப்ப வேண்டும். சம்பளம் மட்டும் பிரிண்டர் வேலைக்கு உரியது. தகராறு பெரும்பாலும் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்த வேலையின் இயல்பு, நன்றாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது. சனிக்கிழமை இரவு அலுவலகம் காலியான பிறகு பேட்ச் போட்டு, ஒவ்வொரு சர்வரையும் மறுபடி எழுப்பி, பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், திங்கட்கிழமை காலை எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். எதுவும் நடக்காமல் இருப்பதற்குத்தான் அந்த இரவு செலவானது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் உலகமெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. பிழையைப் பரப்பியது ஒரு நொடி வேலை. சரிசெய்யவோ, பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. அந்த வார இறுதியில் தூங்காதவர்களின் சம்பளத்தைத்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படிக் கண்ணில் படாத திறமை புதிதில்லை. என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு மரநிரைக்குள் போவார். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராது. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. அரையிருட்டில், நூற்றுக்கணக்கான மரங்களில், காயமில்லாமல் வெட்டுவது பெரிய கைத்திறன். நன்றாக வெட்டியதன் பலன் பல வருடம் கழித்து, மரம் இன்னும் பால் தரும்போதுதான் தெரியும். அதற்கென்று எவரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. வாளியில் இருந்த பாலுக்குத்தான் கூலி.

தோட்டக் கூலி எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். இன்று சம்பளம் பேசும் மேசையில் நாம் பயன்படுத்தும் தராசுகள் பலவும் அங்கே வார்க்கப்பட்டவை.

1920-களில் மலாயா அரசும் இந்தியக் குடியேற்றக் குழுவும் தமிழ்த் தொழிலாளிக்கு ஒரு நிர்ணயக் கூலியை வகுத்தன. அரிசிக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று மாதச் செலவுப் பட்டியல் போட்டு, அதிலிருந்து நாள்கூலியைக் கண்டார்கள். ஓர் ஆள் உயிரோடிருந்து மறுநாளும் பெரட்டுக்கு வந்து நிற்க என்ன வேண்டுமோ அது அந்தப் பட்டியலில் இருந்தது. வேலையின் நுட்பத்துக்கு அதில் இடமில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்த 1930-இல் அது 40, 32 என்று வெட்டப்பட்டது. பின்னாளில் ஏறி, 1938-இல் மறுபடி 45, 36 ஆகக் குறைந்தபோது, பயண உதவியோடு தொழிலாளர்களை அனுப்புவதையே இந்திய அரசு அந்த ஆண்டு ஜூனில் தடைசெய்தது.

இதே கணக்கில் இன்றைக்கு நாம் மறந்துவிட்ட ஒரு நியாயமும் இருந்தது. பகாங்கின் ஒதுக்குப்புறப் பகுதிகளுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 என்று கூடுதலாக வைத்தார்கள். சாமான் விலை அதிகம், நோய் அதிகம், போக வர வழியில்லை என்பது காரணம். தூரத்தில் இருப்பவருக்குக் கூடக் கொடுக்க வேண்டும் என்று அன்று நினைத்தார்கள். இன்று தலைநகரிலிருந்து தள்ளியிருப்பதே குறைத்துக் கொடுக்கக் காரணமாகிவிட்டது. "ஈப்போதானே, செலவு கம்மி" என்ற வாக்கியத்தைச் சம்பளம் பேசும் கூட்டங்களில் எத்தனை முறை கேட்டேன் என்று சொல்லி முடியாது. மலேசியச் சட்டமே ஒரு கட்டத்தில் அப்படிப் பிரித்தது. 2020 பிப்ரவரியில் மாநகர், நகராட்சிப் பகுதிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 ரிங்கிட் ஆனது, மற்ற இடங்களில் 1,100-லேயே நின்றது. 2022 மே மாதம் 1,500 வந்தது, அந்தத் தொகையில் இடவேறுபாடு இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது ஆகஸ்டில் வந்தது. 2013-இல் தீபகற்பத்துக்கு 900 என்று தொடங்கிய கணக்கு இது.

ஈப்போவில் வீட்டு வாடகை கோலாலம்பூரைவிடக் குறைவுதான், சாப்பாட்டுச் செலவும் குறைவு. ஆனால் கார் விலை இரண்டு ஊரிலும் ஒன்றே. லேப்டாப் விலை ஒன்றே. சிஸ்கோ போன்ற சான்றிதழ்த் தேர்வுகளின் கட்டணம் டாலரில் வைக்கப்படுகிறது, ஈப்போவின் புந்தோங்கில் குடியிருக்கிறார் என்பதற்காக எவரும் அதைக் குறைப்பதில்லை. சர்வருக்கும் தான் ஈப்போவில் இருப்பது தெரியாது. அதைத் தாக்க வருபவருக்கும் அது ஒரு பொருட்டில்லை. வாடகை மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை அந்த ஊரில் வாழத் தேர்ந்த ஊழியருக்கா, அவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கா? இதில் என் முடிவு உறுதியானது. ஊரைக் காரணம் காட்டிச் சிறிதளவு குறைக்கலாம், அதுவும் வாடகைக்குரிய பங்கில் மட்டும். மொத்தச் சம்பளத்தில் கால்வாசியை அறுப்பது களவுக்கு நிகரானது.

ரப்பர் விலையோடு கூலியைக் கட்டிப்போட்ட முறையும் இங்கே பேசத்தக்கது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் தலைமையில் முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் பேசிய காலம் தொட்டு, வெட்டுக்கூலி பல வருடம் ரப்பர் விலையோடு ஏறி இறங்கியது. விலை உயர்ந்தால் கொஞ்சம் கிடைக்கும். விழுந்தாலும், இலை உதிர்ந்து பால் குறைந்தாலும், மழையில் வெட்டு நின்றாலும் அந்த நட்டம் வெட்டுபவர் தலையில். லண்டனிலும் சிங்கப்பூரிலும் முடிவாகும் விலைக்கு சுங்கை சிப்புட்டில் ஒரு தாய் என்ன செய்ய முடியும்? "இந்த வருஷம் வியாபாரம் சரியில்ல" என்று சொல்லிச் சிஸ்டம் அட்மினின் அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பவர்களும் அதே தராசைத்தான் பிடிக்கிறார்கள். விற்பனை குறைந்தால் சர்வர்களின் எண்ணிக்கை குறைவதில்லை. நல்ல ஆண்டில் போனஸ் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் வேலையின் எடைக்கு உரியது, சந்தையின் காற்றுக்கு அதை ஆடவிடக் கூடாது.

அடுத்து சட்டம். இங்கே ஆள் எடுப்பவர் பலரும் பார்க்காத ஒரு கோடு இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எல்லா ஊழியரையும் உள்ளடக்குகிறது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது. ஆனால் மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டினால் ஓவர்டைம், ஓய்வுநாள் வேலைக்கான கூடுதல் ஊதியம் முதலிய பிரிவுகள் பொருந்தாது. 3,900 ரிங்கிட் வாங்குபவரின் ஒரு நாள் சம்பளம், 26-ஆல் வகுத்தால், 150. எட்டு மணி நேரமென்றால் மணிக்கு 18.75. சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 28 ரிங்கிட் 13 காசு. மாதத்தில் 20 மணி நேரம் இரவில் உட்கார்ந்தால் 562 ரிங்கிட் 50 காசு சேர்ந்து, மொத்தம் 4,462.50. அதே ஆளுக்கு 4,200 கொடுத்து "உயர்த்தினால்", அதே 20 மணி நேரத்துக்கு அவருக்கு 4,200 மட்டும்தான். ஆஃபர் லெட்டரில் தொகை பெரிதாகத் தெரியும், கையில் வருவது சிறிது. 4,000-க்குச் சற்று மேலே சம்பளம் வைப்பவர் இதைத் தெரிந்து செய்தால் அது தந்திரம். தெரியாமல் செய்தாலும் ஊழியருக்கு நட்டம் ஒன்றே. அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கே கணினித் தொழிலாளர் சிலரை, மணிக்கு 27.63 டாலருக்குக் குறையாமல் வாங்கினால், ஓவர்டைம் சட்டத்திலிருந்து விலக்கிவைக்கிறார்கள்.

ஸ்டேண்ட்பை நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பது இதைவிடக் கடினம். வேலை நேரம் என்பதற்கு நம் சட்டம் தரும் விளக்கம், ஊழியர் தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாமல் முதலாளியின் ஏவலுக்குள் இருக்கும் நேரம் என்பது. தீபாவளியன்று மாமியார் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அட்மின், போனைக் கையைவிட்டு இறக்க முடியாமல், லேப்டாப்பைக் காரில் வைத்துக்கொண்டு, கேமரன் மலைக்குப் போனால் சிக்னல் போய்விடுமே என்று பயணத்தைக் கைவிடுகிறார் என்றால், அவருடைய நேரம் எந்த அளவுக்கு அவருடையது? வழக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஸ்டேண்ட்பை வாரத்துக்கு ஒரு நிலையான அலவன்ஸ், அழைப்பு வந்தால் மணிக்கணக்கில் தனி ஊதியம், நள்ளிரவு தாண்டி வேலை செய்தால் மறுநாள் காலை ஓய்வு. இம்மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

சந்தை விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் ஆண்டுதோறும் சம்பளப் பட்டியல் வெளியிடுகின்றன. அவற்றிலுள்ள எண்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்குப் பெருநிறுவனங்களுடையவை. பெரிய வீச்சோடு வரும், கீழ் எண்ணை முதலாளி பிடித்துக்கொள்வார், மேல் எண்ணை விண்ணப்பதாரர் பிடித்துக்கொள்வார். புள்ளிவிவரத் துறையின் 2023 அறிக்கையில் நாட்டின் இடைநிலை மாதச் சம்பளம் 2,602 ரிங்கிட். அது எல்லாத் தொழிலுக்கும் சேர்த்து வந்த எண், பேராக்கின் எண் அதைவிடக் கீழே. நிபுணர் பிரிவு வேலைக்கு ஆள் எடுக்கும்போது இவற்றைத் தரையாகக் கொள்ளலாமே தவிர, இலக்காகக் கொள்ள முடியாது. ஈப்போவில் உங்கள் போட்டி யார் என்று பார்ப்பதே உதவும். கார்செம், யூனிசெம் போன்ற சிப் தொழிற்சாலைகள் இங்கேயே இருக்கின்றன. மின்சார ரயில் 2010-இல் வந்த பிறகு கோலாலம்பூர் இரண்டரை மணி நேரம்தான். வீட்டிலிருந்தே வெளியூர் வேலை செய்யலாம் என்றான பிறகு அந்த இரண்டரை மணி நேரமும் தேவையில்லை. சிங்கப்பூர் டாலரோ மூன்று ரிங்கிட்டுக்கு மேல். போகிறவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது தவறான பேச்சு. தோட்டத்து லயத்தில் பிறந்து, கடன் வாங்கிப் படித்து, தம்பி தங்கைகளையும் சுமப்பவர் கணக்குப் பார்ப்பதில் குற்றமில்லை.

சிறிய நிறுவனத்தால் அவ்வளவு கொடுக்க முடியாது என்பதும் உண்மை. எத்தனையோ முதலாளிகள் தம் சம்பளத்தை எடுக்காமல் ஊழியருக்குக் கொடுத்த மாதங்களை நான் அறிவேன். அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இது: பணம் போதவில்லையென்றால் வேலையைச் சுருக்குங்கள். இரவு நேரப் பொறுப்பை வெளியார் நிறுவனத்திடம் கொடுக்கலாம். வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஆள் வைக்கலாம். பக்கத்துக் கடைவரிசையில் இருக்கும் இன்னொரு நிறுவனத்தோடு ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு பாதிச் சம்பளம் கொடுப்பது மட்டும் கூடாது.

ஆண் பெண் வேறுபாட்டுக்கு வருகிறேன். 50 காசும் 40 காசும் ஒரே நிரையில், ஒரே மரத்துக்குக் கொடுக்கப்பட்ட கூலிகள். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற 1951-ஆம் ஆண்டின் 100-ஆவது உலகத் தொழிலாளர் உடன்படிக்கையை மலேசியா 1997-இல் ஏற்றது. இன்றைக்குப் பெண் என்பதற்காகக் குறைக்கிறோம் என்று எவரும் சொல்வதில்லை. "ராத்திரி கூப்பிட முடியாது" என்று சொல்லிக் குறைக்கிறார்கள். அவரிடம் கேட்டார்களா என்றால் இல்லை. கடைசிச் சம்பளத்தைக் கேட்கும் பழக்கமும் பெண்களைத்தான் அதிகம் வதைக்கிறது. பிள்ளைப்பேறுக்காக இரண்டு வருடம் விட்டுத் திரும்பியவரின் கடைசிச் சம்பளம் இரண்டு வருடப் பழசு.

பால் நிறுக்கும் ஸ்டோரின் ஒரு காட்சி என்னைவிட்டுப் போகவில்லை. ஏழெட்டு வயதில் அம்மாவோடு போய் நின்றிருக்கிறேன். தோள் கம்பான காண்டாவிலிருந்து வாளிகளை இறக்குவார். கணக்கெழுதும் கிராணி, மாதிரிப் பாலை எடுத்து மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை அதில் விடுவார். அது மிதக்கும் உயரத்தை வைத்துப் பாலில் எவ்வளவு ரப்பர் என்று கணிப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால், மழை பட்டிருந்தால், எண் இறங்கும். கிராணி குனிந்து பார்த்து ஒரு எண்ணைச் சொல்லி ஏட்டில் எழுதுவார். அம்மா அந்தக் கருவியைக் குனிந்து பார்த்து நான் கண்டதே இல்லை. பார்க்கக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை, பார்க்கலாம் என்றும் எவரும் சொல்லவில்லை.

சம்பள வீச்சை விளம்பரத்தில் போட மறுக்கும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மெட்ரோலாக்தான் நினைவுக்கு வரும். 'சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படும்' என்றால், ஒரு பக்கத்துக்கு மட்டும் எண் தெரியும் என்று பொருள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் விளம்பரத்திலேயே சம்பளத்தைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய விதிப்படி உறுப்பு நாடுகள் 2026 ஜூனுக்குள் சட்டம் செய்ய வேண்டும்: விண்ணப்பதாரருக்குச் சம்பள வீச்சை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. நம் நாட்டில் அப்படியொரு கட்டாயம் இல்லாவிட்டாலும், செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இதையெல்லாம் சேர்த்து இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் வேலையை ஒரு பக்கத்தில் எழுதுகிறோம்: எத்தனை சர்வர், யாருடைய தரவு, விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழ வேண்டும், மாதத்தில் எத்தனை இரவு. பிறகு அலுவலகத்துக்குள் அதே அளவு பொறுப்புள்ளவர்களைப் பார்க்கிறோம். மூத்த கணக்காளர் ஒருவர் தவறு செய்தால் ஒரு மாதக் கணக்கு குழம்பும். அட்மின் தவறு செய்தால் பத்து வருடக் கணக்கும் இல்லாமல் போகலாம். அதன்பின்தான் வெளிச் சந்தை. முதலாளியின் மொத்தச் செலவையும் அப்போதே போட்டுவிடுகிறோம். 4,000 ரிங்கிட் சம்பளத்துக்கு ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 520, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் ஏறத்தாழ 2 விழுக்காடு. பயிற்சிக்கும் சான்றிதழ்த் தேர்வுக்கும் ஒரு தொகை. இத்தனைக்குப் பிறகு வரும் வீச்சை விளம்பரத்தில் போடுகிறோம். பழைய சம்பளத்தைக் கேட்பதில்லை, அவராகச் சொன்னாலும் எழுதிக்கொள்வதில்லை.

இந்த முறையில் கடைசியாக எடுத்தவர் செம்மோரிலிருந்து வந்த ஒரு பெண். வீச்சு தெரிந்தே வந்திருந்தார். ஸ்டேண்ட்பை விதிகள் இருந்த தாளை அவரிடம் கொடுத்தோம். மெதுவாக, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது, எல்லாவற்றையும் எழுதிவிட்டோமே என்று. படித்து முடித்து நிமிர்ந்து கேட்டார்:

"அங்கிள், இதுல ஒரு வாரம் ஸ்டேண்ட்பைன்னு போட்டிருக்கீங்க. அடுத்த வாரம் யாரு?"

எங்களிடம் பதில் இல்லை. அந்த நிறுவனத்தில் அவர் ஒருவர்தான் அட்மின். அலவன்ஸ் எவ்வளவு என்று எழுதியவர்கள், ஓய்வு யார் கொடுப்பது என்று எழுதவில்லை. அன்றைக்கு ஆஃபர் லெட்டரைக் கொடுக்காமல் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். நெட்வொர்க் பார்க்கும் ஒரு வெளியார் நிறுவனத்தோடு பேசி, ஒன்றுவிட்டு ஒரு வாரம் அவர்கள் பார்ப்பது என்று ஏற்பாடு செய்து, அதற்குரிய பணத்தை முதலாளியிடம் வாதாடி வாங்கி, தாளில் இன்னொரு வரியாகச் சேர்த்த பிறகுதான் அவரைத் திரும்ப அழைத்தோம்.